கனத்த இங்கிலீசு

மனு, பெட்டிசம் எழுதும் அபூசாலி, கல்முனைச் சந்தைக்கு எதிரே ஒரு புடவைக்கடை வாசலில் மேசை போட்டிருந்தார். மேசையில் டைப்ரைட்டர். பக்கத்தில் நீல மட்டைக் கொப்பி. வழக்குப் பேசும் பழைய பிரக்கிராசி ஒருவரின் கடிதங்களிலிருந்து பொறுக்கிய இங்கிலீசுச் சொற்கள் அதில் நிறைந்திருந்தன. வருபவர்களிடம் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்.

“இலேசாவா, கனமாவா?”

நற்பிட்டிமுனையிலிருந்து வந்த மைமூனா கனம் என்றாள். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். தமிழில் எழுதினால் அரசாங்கக் கந்தோரில் வாசிக்கமாட்டார்கள். இலேசான இங்கிலீசு ஏழையின் கடிதமாகிக் கட்டின் அடியில் போய்விடும். கனத்த சொல்தான் மேலே கிடக்கும். நற்பிட்டிமுனையில் எல்லாருக்கும் இது தெரியும்.

அவளுக்கு வேண்டியது தண்ணீர். கணவன் மௌத்தானபின் அவளே செய்துவந்த இரண்டு ஏக்கர். எண்பத்தொன்றாம் ஆண்டுச் சிறுபோகம். நெல் கதிர் கருக்கொண்டு குடலைப் பருவத்தில் நின்றது. மேல்வயலின் பெரிய நிலக்காரர் போடியார் வாய்க்காலுக்குக் குறுக்கே மண்மூட்டை அடுக்கியிருந்தார். அதைக் கேட்கவேண்டியவர் தண்ணீர்ப் பங்கைப் பார்க்கும் வட்டவிதானை. அவர் போடியாரின் மச்சான். நீர்ப்பாசனக் கந்தோரை விட்டால் வழியில்லை. பத்து நாளுக்குள் தண்ணீர் வராவிட்டால் கதிர் முழுக்க மணியில்லாத சப்பி.

அபூசாலி கொப்பியைப் புரட்டினார்.

“எமினன்ட் வேற, இமினன்ட் வேற, தங்கச்சி. கல்முனையில இது தெரிஞ்ச ஆள் நான் ஒருத்தன்தான்.”

“என்ன வித்தியாசம் காக்கா?”

“ரெண்டும் பெரிய சொல்லு. ரெண்டையும் போட்டிரிக்கன்.”

ஒரு பக்கம் முழுவதும் தட்டினார். வாசித்துக் காட்டினார். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அதனாலேயே நம்பிக்கை வந்தது.

பெட்டிசத்தை அன்றே கந்தோரில் கொடுத்தாள். நாலாம் நாள் மறுபடி போனாள். பெரிய கிளாக்கர் நல்லரெத்தினம் பாண்டிருப்பு ஆள். தன்மையானவர்.

“உங்கட பெட்டிசம் பார்வையில இரிக்கு. மறுகா வாங்க.”

ஏழாம் நாள் போனாள். அதே பதில். சுவரோர வாங்கில் உட்கார்ந்து பார்த்தாள். பெட்டிசம் கட்டின் மேலேதான் இருந்தது. அவர் மற்றக் கடிதங்களை அதன் அடியிலிருந்து உருவி உருவி எடுத்தார். அதைத் தொடவில்லை.

ஒன்பதாம் நாள் ஒரு பயிரை வேரோடு பிடுங்கிக்கொண்டு போனாள். வாங்கில் இருக்கவில்லை.

“ஐயா, அதில என்ன எழுதியிரிக்கி?”

“நீங்க குடுத்ததுதானே, தங்கச்சி.”

“எனக்கு இங்கிலீசு தெரியா. உங்களுக்குத் தெரியும். தமிழில சொல்லுங்க.”

நல்லரெத்தினம் கடிதத்தை எடுத்தார். உதடு அசைந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

“உயர்ந்த இங்கிலீசு. சட்டெண்டு தமிழில சொல்லேலாது.”

“தண்ணி எண்டு எங்கயாவது இரிக்கா?”

அவர் விரல் வரிவரியாக இறங்கியது. பக்கம் முடிந்தது.

“இல்ல.”

“வாய்க்கால் எண்டு?”

அவர் விரல் மறுபடி மேலே போய்க் கீழே இறங்கியது. அவள் பயிரை மேசையில் போட்டாள். வேரில் ஒட்டியிருந்த மண் உதிர்ந்தது. அதில் ஈரமில்லை.

“அப்ப ஒன்பது நாளா என்னத்தப் பாத்த நீங்க?”

“சத்தம் போடாதீங்க. உள்ளுக்க எஞ்சினியர் இரிக்கார்.”

“இரிக்கட்டும். கேக்கட்டும். விளங்கல்ல எண்டு ஒரு சொல்லுச் சொல்ல உங்களுக்கு வாயில்லையா? நான் படிக்காதவள். விளங்கல்ல எண்டு சொல்ல எனக்கு வெக்கமில்ல. நீங்க படிச்ச ஆள், உங்களுக்கு வெக்கம். உங்கட வெக்கத்துக்கு என்ட நெல்லு சாகணுமா?”

வாங்கில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். உள்ளறைக் கதவு திறந்தது. எஞ்சினியர் சிங்களவர். தட்டித்தடவித் தமிழ் கதைப்பார். கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

“இது நான் ரெண்டு தரம் வாசிச்சது. விளங்க இல்ல. மிஸ்டர் நல்லரெத்தினத்துக்கு விளங்கும் எண்டு நினைச்சது.”

நல்லரெத்தினம் நிலத்தைப் பார்த்தார்.

“நான் சேருக்கு விளங்கியிரிக்கும் எண்டு நினைச்சன்.”

யாரோ சிரித்தார்கள். மைமூனா திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

எஞ்சினியர் அவளிடம் கேட்டார்.

“அம்மாவுக்கு என்ன வேணும்?”

“தண்ணி.”

அன்று பின்னேரமே ஜீப் வந்தது. மண்மூட்டைகளை இழுத்துக் கரையில் எறிந்தார்கள். போடியார் தன் வரம்பில் நின்று பார்த்தார். வாய்க்காலில் தண்ணீர் ஓடியது.

மேட்டு ஏக்கர் வாய்க்காலுக்குக் கிட்ட. அது பிழைத்தது. கடைசி ஏக்கருக்குத் தண்ணீர் போய்ச் சேர மேலும் மூன்று நாள் எடுத்தது. அங்கே மணி பிடிக்காமல் கதிர்கள் நிமிர்ந்தே நின்றன. அறுக்கக் கூலியாள் வரவில்லை.

வயல் வெட்டு முடிந்தபின் அந்த ஏக்கரின் கதிரில் நாலைந்தைக் கசக்கி முந்தானையில் முடிந்துகொண்டு கல்முனைக்குப் பஸ் ஏறினாள். அபூசாலியிடம் சொல்லவேண்டியதை வழி முழுவதும் சொல்லிப் பார்த்தாள்.

மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். முன்னர் இரண்டு பேருக்கு மேல் நின்றதில்லை. அபூசாலி அவளைக் கண்டதும் கையை உயர்த்தினார்.

“இந்தா வாறா. நற்பிட்டிமுனைத் தங்கச்சி. கேட்டுப் பாருங்க. ஒரே ஒரு பெட்டிசம். எஞ்சினியர் ஜீப்பில வந்து இறங்கினாரா இல்லையா?”

“அவர் உங்கட பெட்டிசத்துக்கு வரல்ல காக்கா. அது அங்க ஒருத்தருக்கும் விளங்கல்ல.”

“விளங்கினா மதிப்பானா தங்கச்சி?”

எல்லாரும் சிரித்தார்கள். முன்னால் நின்ற இளைஞனிடம் அவள் கேட்டாள்.

“உனக்கு என்ன வேணும் தம்பி?”

“பாலம் உடைஞ்சி கிடக்கு, ராத்தா. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஏலாது.”

“அதத்தான் சொல்லணும். அது மட்டும் போதும். நேரா போய்ச் சொல்லு.”

“உங்கட வேலை முடிஞ்சிதானே. எங்கட வேலையக் கெடுக்காதீங்க.”

“முடியல்ல. ஒரு ஏக்கர் செத்துப் போச்சி.”

“மற்ற ஏக்கர் பிழைச்சிதானே, ராத்தா. ஒள்ளுப்பம் தள்ளி நில்லுங்க.”

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சப்பியை நீலக் கொப்பியின்மேல் கொட்டினாள்.

அபூசாலி குனிந்து ஊதினார். அதில் கனமான மணி ஒன்றும் இல்லை. எல்லாம் பறந்தது. அவர் கொப்பியைத் திறந்தார்.