முகட்டுக்கு அந்தப் பக்கம்

கூரை வழியாக ஒரு மனிதக் கால் இறங்கியபோது செவ்வந்தி தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கால் முழங்கால்வரை வந்தது, சற்று யோசித்தது, மறுபடி மேலே போனது. அது விட்டுப்போன ஓட்டையில் ஒரு முகம் தெரிந்தது.

“வெசனப்படாதீங்க அம்மணி. பழைய சட்டம், பொக்குன்னு போயிருச்சு. நாந்தான் கொத்துக்காரன் காளிச்சாமிங்க. ஓடு மாத்தச் சொல்லி ஓனரு அனுப்புனாருங்க.”

தோசை கருகியது. செவ்வந்தி அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பின்புறப் பொடக்காளிக்கு ஓடினாள். கூரையில் ஓட்டை விழுந்ததைப் பற்றியோ, வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லாமல் ஆள் அனுப்பியதைப் பற்றியோ அவளுக்கு அந்த நேரத்தில் கவலையில்லை. கூரை மேல் அவளுடைய அரசாணிக் கொடி படர்ந்திருந்தது.

வெளியூர்க்காரர்கள் பரங்கி என்பதைத்தான் இங்கே அரசாணி என்பது. கோயமுத்தூர் ஒண்டிப்புதூரில் வீட்டுக்காரர் லட்சுமணசாமியின் மாடி வைத்த மெத்தை வீட்டுக்குப் பின்னால், அதே காம்பவுண்டுக்குள் இருந்த ஓட்டு வீட்டில் செவ்வந்தியும் மில்லுக்குப் போகும் அவள் புருஷன் வேலுமணியும் குடியிருந்தார்கள். வீட்டின் பின்பக்கத்துப் பொடக்காளியில் கத்தரியும் வெண்டையும் அவள் வைத்தவைதான். ஆனால் அவை எல்லாம் சும்மா. அந்த அரசாணியில்தான் அவள் மானம் தொங்கிக்கொண்டிருந்தது.

காரணம் அவள் மாமியார் மாரியாத்தாள். தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் துண்டில் முடிந்த அரசாணிக்காயோடு பஸ் ஏறி வந்துவிடுவாள். பொங்கலன்று அரசாணி இல்லாமல் என்ன குழம்பு? இறக்கி வைக்கும்போது வருஷம் தவறாமல் ஒன்றையே சொல்லுவாள்: “டவுன்ல சம்பளந்தாங் கண்ணு காய்க்கும்.”

இந்த வருஷம் தீபாவளி முடிந்ததும் செவ்வந்தி எஸ்டிடி பூத்துக்குள் நின்று, சிவப்பு எண்கள் ஓட ஓட, மாமியாரிடம் சொல்லியேவிட்டாள்: “நீங்க சொமக்க வேண்டாமுங்க அத்தை. ஊட்டு மேலயே காய்ச்சிருக்குது.”

“பாக்கலாங் கண்ணு,” என்று மாரியாத்தாள் போனை வைத்துவிட்டாள்.

அப்போது கொடியில் எலுமிச்சை அளவுக்கு ஒரே ஒரு பிஞ்சு இருந்தது. இப்போது அது சொம்பு அளவுக்கு வந்திருந்தது. இலைகளுக்கு அடியில் வேலுமணியின் பழைய சட்டையைப் போட்டு மூடி வைத்திருந்தாள். ஐப்பசி மழையில் சமையலறை ஒழுகியதைக்கூட அவள் வெளியே விடவில்லை. குண்டாவை வைத்துப் பிடித்துக்கொண்டாள். ஒழுகுதா என்று லட்சுமணசாமி வந்து கேட்டபோது சொட்டுக்கூட இல்லீங்க என்று கற்பூரம் அணைக்காத குறையாகச் சொன்னாள். ஓடு மாற்ற ஆள் ஏறினால் கொடி போய்விடும் அல்லவா? ஆனால் டீக்கடையில் வேலுமணி வாய் வைத்துக்கொண்டு சும்மா இராமல், வீட்டுக்குள்ளேயே குற்றாலம் இருப்பதாக வீட்டுக்காரரிடம் பெருமை பேசிவிட்டு வந்திருந்தான்.

காளிச்சாமி கூரை ஓரத்தில் குந்தியிருந்தார். கொடி தாழ்வாரத்தின் மேல் ஏறியதும் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒரு கிளை இடப்பக்கம் சமையலறைக்கு மேலே போயிற்று. பிஞ்சு அதில்தான். இன்னொன்று வலப்பக்கம் ஏறி, முகட்டைத் தாண்டி, அவள் கண்ணுக்கு எட்டாத அந்தப் பக்கத்தில் இறங்கிவிட்டது. அது வெறும் ஆண்பூவாகப் பூத்துத் தள்ளும் கிளை என்று அவள் எண்ணம்.

“ரெண்டும் இருந்தா வேலை ஓடாதுங்க. ஒண்ணை வெட்டியே ஆகோணும். எதை விடறதுங்க?”

இங்கேதான் செவ்வந்திக்குச் சங்கடம். பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிப்போகும். பிஞ்சு என்று அயலாரிடம் வாய்விட்டுச் சொன்னாலும் கண் பட்டுவிடும். ஆகவே சுட்டுவிரலை மடக்கி, முட்டியை மட்டும் இடப்பக்கம் திருப்பி, “அதை விட்டுருங்க,” என்றாள்.

“அதுங்களா?”

“அதேதானுங்க,” என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். பார்த்தால் அவள் கண்ணே பட்டுவிடும்.

சரி, வந்தவருக்கு டீயாவது போடலாம் என்று உள்ளே போனாள். பால் பொங்குவதற்குள் பொடக்காளியில் தொப்பென்று ஒரு சத்தம். வேலுமணியின் சட்டை கீழே கிடந்தது. சட்டைக்குள் பிஞ்சு இரண்டாகப் பிளந்திருந்தது.

காளிச்சாமி அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வேகமாக இறங்கி வந்தார். மடக்கின விரலுக்கு இரண்டு பக்கம் உண்டு, முட்டி இடப்பக்கம் பார்த்தால் நுனி வலப்பக்கம் பார்க்கும், தான் நுனியைப் பார்த்துவிட்டதாகச் சொன்னார்.

“பிஞ்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா நானே காவல் இருந்திருப்பனுங்க.”

“பிஞ்சைப் போயி யாராச்சும் பேர் சொல்லிக் காட்டுவாங்களாங்க?”

காளிச்சாமி ஒத்துக்கொண்டு தலையாட்டினார். அவர் வீட்டிலும் காட்ட மாட்டார்கள்.

பிளந்த பிஞ்சை முந்தானையில் ஏந்திக்கொண்டு செவ்வந்தி மெத்தை வீட்டுப் படியேறினாள். நாலு கேள்வி கேட்டுவிடுவது என்றுதான் போனாள். வீட்டுக்கார அம்மாள் பங்காரம்மாவைக் கண்டதும் அழுகைதான் வந்தது. மாமியார், போன், பொங்கல் எல்லாம் கலந்து வந்தன. பங்காரம்மா முழுக்கக் கேட்டாள். முந்தானையை எட்டிப் பார்த்தாள்.

“இதுக்கா அழுகறே? அப்ப அது இருக்குதே?”

“எதுங்க?”

பங்காரம்மா அவள் கையைப் பிடித்து மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்து பார்த்தால் ஓட்டு வீட்டின் மறுபக்கச் சரிவு முழுக்கத் தெரிந்தது. முகட்டைத் தாண்டி வந்த கிளை அங்கே கோலம் போட்டாற்போல் பரவியிருந்தது. நடுவில் ஒரு பழைய ஊதாச் சேலைத் துண்டு. அதன் அடியில், குடம் போல, ஒரு காய்.

பங்காரம்மா சுட்டுவிரலை மடக்கி முட்டியால் காட்டினாள்.

“சேலை நாந்தான் போட்டேன். வெயில்ல வெடிச்சுப்போயிருமுன்னு. எங்கூட்டுக்காரருக்குக்கூடச் சொல்லலை. உனக்குத் தெரியும், வாய்விடக் கூடாதுன்னு நீயும் கம்முனு இருக்கறேன்னு நெனச்சேன்.”

செவ்வந்தி கண்ணைத் துடைக்க மறந்து நின்றாள். காளிச்சாமி அவள் காட்டியதைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தால் இந்தக் கிளைதான் வெட்டுப்பட்டிருக்கும்.

சத்தம் கேட்டு லட்சுமணசாமியும் மேலே வந்தார். நல்ல மனுஷர். சொன்னால் வேண்டாம் என்பார்கள், சொல்லாமல் செய்தால் சந்தோஷப்படுவார்கள் என்பது அவர் கணக்கு. விஷயம் விளங்கியதும், “அடுத்த மழைக்கு முன்னால முடிச்சிரலாம்னுதானே அம்மணி,” என்று இழுத்தார்.

“ஊடு உங்களுதுதானுங்க. அதுக்கு மேல இருக்கறது என்ற கொடியில்லீங்களா? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமுங்க.”

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, போனது போகட்டும், காயை மெதுவாகத் தூக்கி வைத்துவிட்டு அந்த இடத்தையும் முடித்துவிடலாம் என்றார். பங்காரம்மா புருஷன் பக்கம் திரும்பினாள்.

“ஏமண்டி, அந்த ஓட்டைத் தொட்டீங்கன்னா, பொங்கல் வரைக்கும் நீங்கதான் அங்க ஓடாப் படுத்துக்கோணும்.”

அதனால் மார்கழி முழுக்க, பளிச்சென்ற புது ஓட்டுக் கூரையில், காயும் கொடியும் இருந்த இடத்தில் மட்டும் கறுத்த பழைய ஓடு ஒட்டுப்போட்டாற்போல் இருந்தது. குண்டாவும் கீழே தன் வேலையைப் பார்த்தது. தெருவில் போகிறவர்கள் கேட்டால் லட்சுமணசாமி ஓடு போதவில்லை என்று சொல்லிவிடுவார். காய் என்று அவரும் வாய் திறக்கவில்லை.

பொங்கலுக்கு முந்தின நாள், காப்புக் கட்டு அன்று காலையில் காளிச்சாமி ஏறி, கைக்குழந்தையை வாங்குவது போல் காயை வாங்கி இறக்கினார். பழுத்துப் பொன்னாக இருந்தது. கையோடு கொடியைக் கழித்து, பாக்கி ஓட்டையும் மாற்றிவிட்டுப் போனார்.

பொழுது சாயும்போது மாரியாத்தாள் வந்தாள். தோளில் துண்டு, துண்டில் அரசாணி.

“வேண்டாமுன்னு சொன்னனுங்களே அத்தை.”

“சொன்னே. எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்தாந்தேன்.”

முதலில் கூரையைப் பார்த்தாள். ஒரு இலை இல்லை. பிறகு உள்ளே வந்து கூடத்தில் இருந்த காயைத் தட்டிப் பார்த்தாள்.

“காயி நல்ல காயி கண்ணு. எந்தச் சந்தையில வாங்குனே?”

வேலுமணி சத்தியம் செய்யக் கை நீட்டினான். செவ்வந்தி அவனை அக்கட்டால தள்ளிப் போகச் சொன்னாள். அத்தனை பெரிய காயை இரண்டு கையாலும் பிடித்துப் புரட்டிப் போட்டாள். அடிப்பாகம் உருண்டையாக இல்லை. நேர்நேராக, பள்ளமும் மேடுமாக, மூன்று பட்டை வரி ஆழப் பதிந்திருந்தது. முத்தின காய்க்கு விரல் தோஷம் இல்லை. செவ்வந்தி சுட்டுவிரலை முழுசாக நீட்டி அதைக் காட்டினாள்; பங்காரம்மா சேலை போட்டுக் காவல் காத்ததையும் சொன்னாள்.

மாரியாத்தாள் குனிந்தாள். வரியின் மேல் விரலை ஓட்டினாள். எழுந்து வாசலுக்குப் போய், காளிச்சாமி சுவரோரம் அடுக்கி வைத்திருந்த பழைய ஓடுகளில் ஒன்றைத் தூக்கிவந்து, வரிக்கு வரி வைத்துப் பார்த்தாள். அச்சுப் போல் உட்கார்ந்தது. ஓட்டைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

“அருவாமணையைக் கொண்டா.”

“நீங்க கொண்டாந்ததுங்க அத்தை?”

“அது அந்த ஓனரம்மாளுக்கு. சேலை போட்டுக் காவல் காத்தாங்கன்னியே.” மாரியாத்தாள் மணையில் உட்கார்ந்து காயை மடிப்பக்கம் இழுத்துக்கொண்டாள். “ஒரு தட்டம் எடுத்துட்டு வா கண்ணு. வெதையை மொதல்ல எடுத்து எனக்குன்னு தனியா வெச்சிரு. ஊருக்குக் கொண்டுபோறேன்.”