ஒரே பெயருக்கு ஒரு சிலை

நகர மன்ற வாசலில் துணி போர்த்தி நின்ற மார்பளவுச் சிலை தன்னுடையதுதான் என்று நம்பி, பாடகர் தன் மாமனார் வீட்டையே திரட்டிக்கொண்டு வந்திருந்தார். வந்து பார்த்தால், முன்வரிசையில் அதே பெயர் கொண்ட இதய மருத்துவர் புதுக் கோட்டுடன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், அதே பெயர் கொண்ட முன்னாள் மல்யுத்த வீரர். ஊரில் கல்லை விட்டெறிந்தால் அந்தப் பெயர்க்காரன் ஒருவன் மேல்தான் விழும். ஆனால் புகழ்பெற்றவர்கள் இந்த மூவர் மட்டுமே. அழைப்பிதழில் வெறும் பெயர்தான் இருந்தது.

“டாக்டர் எங்க இந்தப் பக்கம்?” என்றார் பாடகர்.

“சும்மாதான். உங்கள யார் கூப்பிட்டாங்க?”

மல்யுத்த வீரர் இருவரையும் முறைத்துவிட்டு, நாற்காலியைச் சிலைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மன்றத் தலைவர் துணியை உருவினார். மருத்துவரின் வழுக்கை, மல்யுத்த வீரரின் கழுத்து, நடுவே ஒரு முறுக்கு மீசை.

“மூணு போட்டோ குடுத்தாங்க. மூணுலயும் ஒரே பேரு. ஒரே ஆளு, வேற வேற வயசுல எடுத்ததுன்னு நெனச்சிட்டேன்,” என்றார் சிற்பி.

தலைவர் அசரவில்லை. “ஈடு இணையற்ற இந்த ஒரே மாமனிதர்...” என்று எழுதிவைத்த உரையை வாசிக்கத் தொடங்கினார்.

மாமனார் சிலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“மாப்ளே, இதுல நீங்க எங்க இருக்கீங்க?”

“மீசை, மாமா.”

மல்யுத்த வீரர் தன் மீசையைத் தடவியபடி எழுந்தார்.

“யாரு சொன்னா?”