வாசலில் ஒரு நீலக் கட்டம்

காலையில் கடையைத் திறந்ததும் கண்ணாடிக்காரர் முதலில் பார்ப்பது தெருவைத்தான். பதினெட்டாம் எண் வீட்டின் முன்னறையே அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை. சன்னலுக்கு நேர் வெளியே, சாலையோரத்தில், நீல வண்ணத்தில் ஒரு கட்டம் வரைந்திருக்கும். அதன் நடுவில் சக்கர நாற்காலியின் படம். பக்கத்துக் கம்பத்தில் ஒரு பலகை: 'மாற்றுத்திறனாளியின் வாகனம் மட்டும்.' அந்தக் கட்டம் காலியாக இருந்தால்தான் அவருக்கு அன்றைய வேலை ஓடும்.

அன்று அதில் ஒரு சரக்கு வண்டி நின்றது.

"எடுப்பா, எடுப்பா. போர்டு கண்ணுக்குத் தெரியலையா? தெரியலைன்னா உள்ள வா, சோதிச்சு நம்பர் எழுதித் தரேன்."

"ரெண்டே நிமிஷம் சார். எறக்கிட்டுப் போயிடறேன்."

"அந்த ரெண்டு நிமிஷத்துல அவங்க வந்துட்டா?"

ஓட்டுநர் தெருவின் இரண்டு முனைகளையும் ஒருமுறை பார்த்தான். "மூணு வருஷமா இந்தத் தெருவுக்கு வர்றேன். இதுல ஒரு வண்டி நின்னு நான் பாத்ததில்ல. பேய்க்குப் பார்க்கிங் விட்டிருக்கீங்களா சார்?"

எதிர்க்கடைக்காரர் சிரித்தார். கண்ணாடிக்காரர் வண்டி நகரும்வரை அங்கேயே நின்றுவிட்டு உள்ளே போனார்.

அந்தக் கட்டம் அவருடைய மனைவிக்காகப் போட்டது. பக்கவாதத்தில் அவளுக்கு வலது பக்கம் விழுந்து, பேச்சும் போனபோது நகரத்தின் பொதுப்பணி மற்றும் பாதுகாப்பு வாரியத்துக்கு மனு எழுதிக் கேட்டு வாங்கினார். காரிலிருந்து அவளைத் தூக்கி நாற்காலியில் வைப்பது, நாற்காலியிலிருந்து தூக்கிக் காரில் வைப்பது எல்லாம் அவர்தான். ஒரு நாள் கார்க் கதவருகே அவர் கால் வழுக்கியது. விழுந்தது அவள். இடுப்பு எலும்பு முறிந்தது. மகள் ஓடி வந்தாள். "ஆறு மாசம்ப்பா. எங்க வீட்ல மாடி ஏற வேண்டாம், லிஃப்ட் இருக்கு. கொஞ்சம் தேறட்டும், நானே கொண்டுவந்து விடறேன்" என்று அந்தக் காரிலேயே அம்மாவை அழைத்துப் போனாள். ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்தால் எட்டும் ஊர் அது. ஆறு மாதம் மூன்று வருடமாயிற்று.

ஒதுக்கீட்டை வருடம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். படிவத்தில் ஒரே ஒரு கேள்வி: 'மேற்படி இடம் தற்போது பயன்பாட்டில் உள்ளதா?' முதல் வருடம் 'ஆம்' என்பதில் அவர் நம்பிக்கையோடு குறியிட்டார்; அடுத்த மாதமே வந்துவிடப் போகிறாளே. இரண்டாம் வருடம் பேனா சற்று நின்றது. மூன்றாம் வருடம் அவர் கேள்வியைப் படிக்கவேயில்லை. வாரியமும் பதிலைப் படிக்கவில்லை. புதன்கிழமைக் கூட்டத்தில் எழுத்தர், "புதுப்பித்தல்கள், எழுபத்திரண்டு" என்று வாசிப்பார். "ஆட்சேபம் உண்டா?" என்பார் தலைவி. உறுப்பினர் ஒருவர் இருமி முடிப்பதற்குள் எழுபத்திரண்டும் நிறைவேறிவிடும். அதில் ஒருவர் பொய் சொல்லியிருந்தார் என்பதை அவர்கள் எப்படி அறிவார்கள்? அது பொய் என்பதை அவரே அறிய விரும்பவில்லை.

இருபத்தாறாம் எண் வீட்டுக்கு ஒரு தையல்காரி குடிவந்தபோதுதான் தொல்லை தொடங்கியது. அவள் கணவன் மின்பணியாளன். ஏணியிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் அவனை மருத்துவமனைக்கு அழைத்துப் போய் வருவாள். அவர்களிடம் ஒரு பழைய வேன் இருந்தது. அதை நிறுத்தத்தான் இடம் இல்லை. அடுத்த தெருவின் தண்ணீர்த் தொட்டி அருகே நிறுத்திவிட்டு, அங்கிருந்து சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருவாள். நடைபாதை உடைந்த இடத்தில் முன்சக்கரம் மாட்டிக்கொள்ளும். உடனே நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுப்பாள்.

"ரிவர்ஸ்லயே ஊர் சுத்திக் காட்டறே. நாம தாண்டி வந்த எடம் பூரா நல்லாத் தெரியுது" என்பான் அவன்.

"வாயை மூடிட்டு உக்காரு. இன்னொரு வார்த்தை பேசினா இங்கயே விட்டுட்டுப் போயிடுவேன்."

"போயேன். எனக்குத்தான் நாற்காலி இருக்கே, நீதான் நிக்கணும்."

மூச்சு வாங்கிக்கொண்டே அவள் சிரிப்பாள். கண்ணாடிக்காரர் சன்னலுக்குள் நின்று பார்ப்பார். அவளுடைய சிரமம் அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவருக்குள் எழுந்தது இரக்கம் அல்ல. இவள் தன் கணவனைத் தன்னோடு வைத்திருக்கிறாள், என்னால் முடியவில்லையே என்ற பொறாமைதான். அவர்கள் நீலக் கட்டத்தைக் கடந்து போகும்போது துணியால் ஏதாவது ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார், ஏற்கெனவே துடைத்ததை.

ஒரு நாள் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. அதே தெருவில் இன்னோர் ஒதுக்கீடு கேட்டு மனு வந்திருப்பதாகவும், ஏற்கெனவே இடம் பெற்றவர் விரும்பினால் கூட்டத்துக்கு வரலாம் என்றும் அதில் இருந்தது. இரண்டு இரவு அவர் சரியாகத் தூங்கவில்லை. புதன்கிழமை தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போனார்.

நீண்ட மேசைக்குப் பின்னால் தலைவி, பொறியாளர், இன்னோர் உறுப்பினர் என மூன்று பேர் இருந்தார்கள். குழாய் பதிக்கச் சாலையைத் தோண்டுவது, விளக்குக் கம்பத்தை மறைக்கும் கிளையை வெட்டுவது, குப்பைத்தொட்டியைப் பத்தடி தள்ளி வைப்பது எனப் பொருள்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. பிறகு தையல்காரியைக் கூப்பிட்டார்கள்.

பொறியாளர் வரைபடத்தைப் பார்த்தார். "உங்க தெருவுல ஒரு பக்கம்தான் வண்டி நிறுத்தலாம். ஒரு பக்கத்துக்கு ஒரு ஒதுக்கீடுன்னுதான் விதி. பதினெட்டாம் நம்பர்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கேம்மா."

"இருக்குங்க."

"அது பயன்பாட்டுல இருக்குன்னு இந்த வருஷமும் எழுதிக் குடுத்திருக்காங்க. அப்படி இல்லைன்னா சொல்லுங்க, விசாரிக்கலாம்."

அவள் திரும்பினாள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரரைப் பார்த்தாள். அவருடைய கை தொடைமேல் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவருக்கு. அவள் குடிவந்த இந்த மூன்று மாதமாக அந்தக் கட்டம் காலியாகக் கிடப்பதை அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. ஒரு சொல் போதும்.

"அது பெரியவரோட வீட்டம்மாவுக்குன்னு குடுத்ததுங்க" என்றாள். "அவங்க எடத்தைக் கேட்டு நான் வரல. இன்னொண்ணு போட முடியுமான்னுதான் கேட்டேன்."

"விதியில இடமில்லையேம்மா."

"சரிங்க."

மனு தள்ளுபடியானது. அடுத்த பொருள் ஒரு வேகத்தடை.

வெளியே படிக்கட்டில் அவர் அவளை எட்டிப் பிடித்தார். அவள்தான் முதலில் பேசினாள்.

"தப்பா நெனைக்காதீங்க ஐயா. வீட்டம்மா எப்ப வர்றாங்க?"

"வருவா."

"நல்லபடியா வரட்டும்" என்று சொல்லிவிட்டு, நேரமாகிறதென்று வேகமாக இறங்கிப் போனாள்.

அன்று மாலை வழக்கம்போல மகள் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். மனைவிக்கு இப்போது பேச்சு வரும். ஒவ்வொரு சொல்லாக, தேடி எடுத்து வைப்பதுபோல வரும். அவர் நடந்ததையெல்லாம் சொன்னார். தையல்காரி தன்னைக் காட்டிக்கொடுக்காததைச் சொல்லும்போது குரல் தேய்ந்தது.

"ஏங்க," என்றாள் அவள். "அந்தக் கட்டம்... இன்னுமா இருக்கு?"

"இருக்காம பின்ன? உன் எடம்."

மறுமுனையில் சத்தமே இல்லை. அவளுக்குச் சொல் கிடைக்கவில்லையா, சொல்ல மனம் வரவில்லையா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் காத்திருந்தார். இந்த மூன்று வருடத்தில் அவர் நன்றாகக் கற்றுக்கொண்டது அதைத்தான்.

"நான் அங்க வரமாட்டேன்னு... எனக்குத் தெரியும்," என்றாள். "உங்களுக்கும் தெரியும். அந்த போர்டுக்குத்தான்... யாரும் சொல்லல."

"அப்படியெல்லாம் பேசாதே."

"அந்தப் பொண்ணு... தினம் இழுக்குதா?"

"வாரம் மூணு நாள்."

"நீங்க பாத்துக்கிட்டு... நின்னீங்களா?"

அவர் மேசைமேல் கிடந்த துடைக்கும் துணியை எடுத்து மடித்தார்.

"என் பேரைச் சொல்லிக்கிட்டு... என்னை இப்படி ஆக்கிட்டீங்களே." அவள் அழவில்லை. கோபமாகத்தான் சொன்னாள். அவளுடைய பழைய கோபம். அதைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தபோது, அவருக்கு அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் களைத்துப்போய்த் தொலைபேசியை மகளிடம் கொடுத்துவிட்டாள்.

அடுத்த புதன்கிழமை அவர் மறுபடியும் போனார். பொதுமக்கள் பேசும் நேரத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம் கொடுப்பார்கள். அவர் எழுந்தார்.

"பதினெட்டாம் நம்பர் வீட்டு எடத்தைத் திருப்பித் தர வந்திருக்கேங்க."

எழுத்தர் அலமாரியைத் திறந்து தேடினார். விண்ணப்பத்துக்குப் படிவம் இருந்தது. புதுப்பித்தலுக்கு இருந்தது. ஆட்சேபத்துக்கு இரண்டு வகை இருந்தது.

"சார், திருப்பிக் குடுக்கறதுக்குப் படிவமே இல்லையே" என்றார் கொஞ்சம் வெட்கத்தோடு. "இதுவரைக்கும் யாரும் குடுத்ததில்ல. ஆள் போய்ச் சேந்து பத்து வருஷம் ஆனாலும் பையன், பேரன்னு வச்சுக்குவாங்களே தவிர..."

உறுப்பினர் சிரிக்கத் தொடங்கி, தலைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"வெள்ளைத் தாள்லயே எழுதிக்கங்க," என்றார் தலைவி. பிறகு கண்ணாடிக்காரரைப் பார்த்து, "இந்த வருஷமும் 'ஆம்'னு போட்டிருக்கீங்களே ஐயா?" என்று கேட்டார்.

"பொய்யிங்க. மூணு வருஷமா அதுல வண்டி நிக்கல. அபராதம் போட்டாலும் சரி. இருபத்தாறாம் நம்பர் மனுவை மறுபடி எடுத்துக்கணும். அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"அபராதத்தை அப்புறம் பாக்கலாம். படிக்காம நிறைவேத்தினவங்களுக்கும் போடணுமே" என்றார் தலைவி. பொறியாளர் வரைபடத்தின்மேல் குனிந்துகொண்டார். இருபத்தாறாம் எண் மனு அந்த நிமிடமே மறுபடி எடுக்கப்பட்டது. இம்முறை அதை முழுவதும் வாசிக்கச் சொன்னார் தலைவி. எழுத்தர் வாசித்தார். இரண்டு பக்கம். யாரும் இருமவில்லை. மூன்று பேரும் தனித்தனியே 'ஆதரவு' என்றார்கள்.

எழுத்தர் வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். "காரணம்னு என்ன சார் போடட்டும்?"

கண்ணாடிக்காரர் அந்தத் தாளைப் பார்த்தார். இரண்டு நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

"அவ வரமாட்டா," என்றார். அதை முதல்முறையாகத் தன் காதாலேயே கேட்டார். "அதை எழுதிக்கங்க. கீழ இதையும் சேத்துக்கங்க. வர்றவங்களுக்காக வீட்டுக்குள்ள எத்தனை வருஷம் வேணும்னாலும் காத்திருக்கலாம், அது நம்ம பாடு. ஆனா தெரு எல்லாருக்கும் பொது. இன்னிக்குத் தேவைப்படற ஒருத்தரோட எடத்துல என் ஏக்கத்தைக் கொண்டுவந்து நிறுத்தி வைக்கறதுக்கு எனக்கு உரிமை கிடையாது."