பரமசிவத்தின் வயது

காலை பத்தேகாலுக்குப் பள்ளிக்கூடத்தின் பின்கட்டடத்தில் ஒரு மணி அலறியது.

பாடவேளை மணி இல்லை அது. தீயணைப்பு வண்டியில் கட்டியிருக்குமே, அந்த மணி. அறுநூறு பையன்களும் நெருப்பு என்று நினைத்துத் திடலுக்கு ஓடினார்கள். பேண்டுக் குழுவில் ஒருவன் டிரம்மைக் கழுத்தில் மாட்டியபடியே ஓடினான். ஓவிய வகுப்பில் பார்த்து வரைவதற்காக வைத்திருந்த பப்பாளிப் பழத்தை யாரோ பத்திரமாகக் காப்பாற்றி எடுத்து வந்தார்கள்.

ஒருவன் மட்டும் எதிர்த் திசையில், பின்கட்டடத்தை நோக்கி ஓடினான். அவன் சேலை கட்டியிருந்தான்.

"ராணியம்மா, சேலையைத் தூக்கிப் பிடிங்க, விழுந்துடப் போறீங்க" என்று கத்தினான் ரவூப். ஆண்டு விழா நாடக ஒத்திகை நடந்துகொண்டிருந்தது; அதில் அவன்தான் ராஜா.

சேலை கட்டியவன் பரமசிவம். பாரம் போர், அதாவது பத்தாம் வகுப்பு மாணவன். ஆண்கள் பள்ளியில் பெண் வேஷத்துக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். பரமசிவத்துக்குக் குரல் உடையவில்லை, மீசையும் அரும்பவில்லை. அதனால் மூன்று வருடமாக ராணி, இளவரசி, தோழி எல்லாம் அவன்தான். "பதினேழு வயசு ஆச்சு, மீசை எங்கடா? பார்சல்ல வருதா?" என்று ரவூப் கேட்காத நாள் இல்லை. பரமசிவம் சிரித்துவிட்டுப் போவான்.

அவன் லேபுக்குள் நுழைந்து மணியைக் கையால் பிடித்து நிறுத்தியபோது பிரின்ஸிபால் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைக்காரர். முகம் தக்காளி மாதிரி இருந்தது. அவர் பின்னால் விஞ்ஞான ஆசிரியர் பேரின்பநாயகம் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

மேசைமேல் ஒரு விசித்திர யந்திரம் இருந்தது. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுத் தையல் கடைகளில் பொறுக்கிய நூல்கண்டுக் கட்டைகள், பெரிதும் சிறிதுமாக இருபத்திரண்டு. அவற்றைச் சுற்றி ஓடும் ஒரே மீன்பிடி நரம்பு. ஓட்டுவதற்கு ஒரு பழைய சுவர்க்கடிகாரம். முனையில் ஒரு முள். முள் உச்சிக்குப் போனால் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் வாங்கிய அந்த மணி அடிக்கும்.

"கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று சொல்லும் யந்திரம் சார்" என்றான் பரமசிவம். "இப்போது காத்தோங்கில் தண்ணீர் முழு ஏற்றத்தில் இருக்கிறது."

எட்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் காத்தோங் கடற்கரையில் அடையாளம் போட்ட கழியை நட்டு, தண்ணீர் ஏறுவதையும் இறங்குவதையும் எழுதிவைத்திருந்தான். பேரின்பநாயகத்தின் வீடு பக்கத்திலேயே, சிலோன் ரோட்டில். மதியச் சாப்பாடு அவர் மனைவி சரோஜினி போடுவாள்.

பிரின்ஸிபால் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பையனையும் ஆசிரியரையும் தன் காரில் ஏற்றினார். சேலையை மாற்றக்கூட நேரம் கொடுக்கவில்லை. காத்தோங்கில் இறங்கிப் பார்த்தால், கடல் சுவரின் மேல்படி வரை அலை வந்து நக்கிக்கொண்டிருந்தது. ராணி வேஷத்தில் நின்ற பையனின் கையைப் பிரின்ஸிபால் பிடித்துக் குலுக்கினார். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மலாய்க்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அந்த ஆண்டு, 1957ல், மெல்பர்னில் மாணவர் விஞ்ஞான முகாம் ஒன்று ஏற்பாடாகியிருந்தது. மூன்று வாரம். சிங்கப்பூரிலிருந்து ஒரே ஒரு பையனுக்கு இடம், அது இந்தப் பள்ளிக்குக் கிடைத்திருந்தது. பரமசிவம் போகட்டும் என்று பிரின்ஸிபால் காரிலேயே சொல்லிவிட்டார்.

மறுநாள் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்த பேரின்பநாயகம் மூன்றாவது கேள்வியில் நின்றுவிட்டார். செப்டம்பர் முப்பதாம் தேதி பதினாறு வயது நிறைந்திருக்கக் கூடாது.

பள்ளிப் பதிவில் பரமசிவம் பிறந்தது ஏப்ரல் 1940.

அவர் பையனைத் தனியே கூப்பிட்டார். பேரின்பநாயகம் யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே வந்து இருபது வருடமாகியும் பேச்சு மாறவில்லை.

"தம்பி, உனக்குப் பதினேழு எண்டு காகிதம் சொல்லுது. உன்ர தொண்டை அப்பிடிச் சொல்லேல்லையே. எங்கட சனம் வயசைக் கூட்டிக் குறைச்சுக் குடுக்கிறது எனக்குத் தெரியாத விசயமே? உண்மையைச் சொல்லு."

பரமசிவம் தரையைப் பார்த்தான். "அம்மாவைக் கேளுங்க சார்."

பஃபலோ ரோட்டில் மாடியில் ஒரே அறை. அப்பா கோவிந்தசாமி மூன்று வருடம் முன்பு காய்ச்சலில் போய்விட்டார். அம்மா பூவம்மா பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா. வேலை முடிந்து வந்த உடையோடு அவள் ஆசிரியருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் விஷயத்தைச் சொன்னார். மெல்பர்ன் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் கப்பல், பாஸ்போர்ட், அறுநூறு பேரில் ஒருவன் என்பதெல்லாம் புரிந்தது.

"பரமசிவத்தையா கூப்பிட்டிருக்காங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

"வயசு ஒண்டுதான் இடிக்குது அம்மா. பிறப்புப் பத்திரத்தில பிழை ஏதும் இருக்குதோ?"

 பூவம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"பத்திரம் சரிதாங்க. அது இவனோடது இல்ல."

1941ல் இரண்டாவது பிரசவத்துக்காக அவள் இந்தியாவுக்கு, தன் ஊருக்குப் போனாள். ஒரு வயதுப் பரமசிவம் இடுப்பில். இங்கே பிறந்த பிள்ளை, இந்த ஊர்ப் பத்திரம் உள்ள பிள்ளை. டிசம்பரில் இளையவன் மாணிக்கம் பிறந்தான்; கோவிந்தசாமிக்குத் தந்தி போனது. அதே மாதம் சிங்கப்பூரில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. கப்பல் நின்றது. கடிதம் நின்றது. கோவிந்தசாமி உயிரோடு இருக்கிறாரா என்று அவளுக்கும் தெரியாது, பிள்ளைகள் இருக்கிறார்களா என்று அவருக்கும் தெரியாது. 1945ல் வைசூரி வந்து பரமசிவம் போய்விட்டான். அடுத்த வருடக் கடைசியில் அவள் மாணிக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கப்பலேறினாள்.

"ஹார்பர்ல அவரு நின்னுக்கிட்டிருந்தாருங்க. எலும்பும் தோலுமா. 'பரமசிவம்'னு கூப்பிட்டுக்கிட்டே ஓடியாந்து இவனைத் தூக்கிக்கிட்டாரு. அஞ்சு வருஷமா அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லியே உசிரை வச்சிருந்த மனுஷன். நான் எந்த வாயால இல்லேன்னு சொல்றது? அப்புறமா சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள பத்திரத்தை எடுத்துக்கிட்டுப் போயி ஸ்கூல்ல சேத்துட்டாரு. அப்புறம் சொல்லவே இல்ல. தெரியாமத்தான் கண்ணை மூடினாரு."

"தம்பிக்குத் தெரியுமோ?"

"அப்ப அவனுக்கு அஞ்சு வயசு. பேரை மாத்திக் கூப்பிட்டா ரெண்டு நாள் முழிச்சான். அப்புறம் எல்லாம் மறந்துட்டான். நான் மறுபடி சொன்னது அவங்கப்பா போனதுக்கப்புறம்தான்."

பரமசிவம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். கீழே மாட்டுவண்டியில் புல் வந்து இறங்கியது.

பேரின்பநாயகத்தின் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. டிசம்பர் 1941 என்றால் பையனுக்கு இன்னும் பதினாறு ஆகவில்லை. "பயப்பட ஒண்டுமில்லை அம்மா. சண்டைக் காலத்தில எத்தினை குடும்பத்துக்கு இப்பிடி நடந்தது. ஹைஸ்ட்ரீட்டில எனக்குத் தெரிஞ்ச ஒராள் இருக்கிறார், சத்தியக் கடதாசி எழுதிக் குடுக்கிறவர். நீங்கள் ரெண்டு விசயம் சொல்லிக் கையெழுத்து வைச்சால் போதும். மிச்சத்தை நான் பாக்கிறன்."

"போடறேங்க" என்றாள் பூவம்மா. "என் பிள்ளைக்காகப் போடமாட்டேனா?"

விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அன்றைக்கு மதியம் மூன்று மணிக்கு மூவரும் அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பூவம்மா பொங்கலுக்கு எடுத்த சேலை கட்டியிருந்தாள். பையன் பள்ளிச் சீருடையில் இருந்தான். முதல் நாள் இரவே அவன் அதைக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்திருந்தான். ரவூப் கொடுத்த ஆஸ்திரேலியா வரைபடம் ஒன்று நான்காக மடித்துச் சட்டைப் பையில் இருந்தது. "கங்காருவைப் பாத்தா என் சலாம் சொல்லுலா" என்று சொல்லிக் கொடுத்திருந்தான்.

குமாஸ்தா முத்துசாமிக்கு ஐம்பது வயதிருக்கும். கனிவான மனிதர். ஆங்கிலத்தில் தட்டிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் சொன்னார்.

"அம்மா, நான் ஒவ்வொரு வரியாச் சொல்றேன். நீங்க திருப்பிச் சொல்லணும். அதான் இங்க வழக்கம். அப்புறம் கையெழுத்து. சரியா? முதல் வரி. 'என் பெயர் பூவம்மா, காலஞ்சென்ற கோவிந்தசாமியின் மனைவி.'"

பூவம்மா சொன்னாள். குரல் தெளிவாக இருந்தது.

"ரெண்டாவது. 'என் மூத்த மகன் பரமசிவம் 1945ஆம் ஆண்டு இறந்துவிட்டான்.'"

பூவம்மா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"மெதுவாச் சொல்லுங்கம்மா. அவசரமில்ல."

"என் மூத்த மகன்" என்றாள். "என் மூத்த மகன் பரமசிவம்..." அவ்வளவுதான். விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. முத்துசாமி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவள் குடித்தாள். மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி அதே இடத்தில் நின்றாள்.

"ஐயா" என்றாள் திடீரென்று. "ஊர்ல இருக்கான்னு எழுதக் கூடாதுங்களா?"

முத்துசாமி பேரின்பநாயகத்தைப் பார்த்தார். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

"அப்படி எழுத முடியாதும்மா. ஊர்ல இருந்தா அவரு பத்திரத்துல இவரு எப்படிப் படிச்சாருன்னு கேப்பாங்க. இது வெறும் ஒரு வரி. சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சுபோச்சு."

"வெறும் வரிதான்" என்றாள் பூவம்மா. தலையை ஆட்டினாள். "தெரியுதுங்க. பன்னெண்டு வருஷம் ஆச்சு. நான்தான் குழிக்குள்ள எடுத்துக் குடுத்தேன். தெரியாம இல்ல." பேனாவை எடுத்தாள். வாயால் சொல்ல முடியாததைக் கையால் செய்துவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தன் பெயரின் நான்கு எழுத்து. முதல் எழுத்தின் பாதியில் கை நின்றது. தாளில் மை ஒரு பொட்டாக ஊறிப் பெரிதாகிக்கொண்டே போனது. அவள் உதடு மட்டும் அசைந்தது. பரமசிவம், பரமசிவம் என்றுதான் அசைந்தது.

பையன் எழுந்தான்.

"போதும் சார். விட்டுடுங்க. பத்திரத்துல இருக்கிற வயசுதான் என் வயசு."

பேரின்பநாயகம் அவன் தோளைப் பிடித்தார். "என்ன கதைக்கிறாய் தம்பி? அம்மாவுக்கு இன்னும் பத்து நிமிசம் குடு. அஞ்சு மணிக்குள்ள தபாலில போட்டால் போதும். போடாட்டி உன்ர இடத்துக்கு வேற பெடியன் போயிடுவான். எட்டு மாசம் வெய்யிலில நிண்டாய். வாற வருசம் உனக்குப் பதினாறு முடிஞ்சிடும். பிறகு ஒருநாளும் கிடையாது."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுகொண்டோ சொல்லுறாய்?"

"எனக்குப் பதினேழு சார்" என்றான் அவன், உடையாத குரலில். அம்மாவின் விரல்களிலிருந்து பேனாவை மெல்ல விடுவித்து முத்துசாமியின் மேசையில் வைத்தான். முத்துசாமி தாளை மடித்து இழுப்பறையில் போட்டார். பேரின்பநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் படியிறங்கிப் போனார்.

அம்மாவும் மகனும் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். நிறுத்தத்தை ஒட்டிய ஆற்றில் தண்ணீர் வற்றிச் சேற்று நாற்றம் அடித்தது. படகுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. ஒரு பஸ் வந்தது, அவர்கள் ஏறவில்லை. அடுத்ததும் போனது.

"நான் போட்டிருப்பேன்டா" என்றாள் பூவம்மா. கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. "கொஞ்சம் பொறுத்திருந்தா சொல்லியிருப்பேன். பெத்த பிள்ளை செத்துட்டான்னு வாய் சட்டுனு சொல்லிடுமா? எந்தத் தாயாலடா முடியும்?"

பையன் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் குரலில் கோபம் இல்லை.

"ஹார்பர்ல அப்பா என்னைத் தூக்கி வச்சுக்கிட்டு 'சின்னவன் எங்க'ன்னு கேட்டப்ப, மாணிக்கம் செத்துட்டான்னு உடனே சொன்னியேம்மா."