களையும் களைப்பும்

அந்தப் பிசியோதெரபி அறையில் நோயாளிகள் யாருக்கும் பெயர் கிடையாது. கழுத்து வந்தாச்சா, தோள்பட்டை போயாச்சா என்றுதான் பேச்சு. அவன் முட்டி. பைக்கிலிருந்து விழுந்து முட்டி பெயர்ந்து வந்தவன். அங்கே சிகிச்சை தருகிற அவள் அவன் காலை மடக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்ப்பான். "உங்க முகத்தைப் பார்த்தா பாதி வலி போயிடுது" என்பான். எல்லா நோயாளியும் சொல்கிற வசனம்தான். ஆனால் இவன் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் பெண் கேட்டான். வேலை அலுப்பில் அவளும் தலையாட்டித் தொலைத்தாள்.

கால் தேறியது. ஜிம்முக்குப் போனான், வேளைக்குத் தூங்கினான், கன்னம் மினுங்கியது. இங்கே அவளோடு வேலை செய்தவள் வேலையை விட்டு நின்றுவிட, இரண்டு ஆள் பாட்டை இவள் ஒருத்தி பட்டாள். ஒரு மாலை, கனத்த நோயாளி ஒருவரைத் தூக்கி நிற்கவைத்துவிட்டு இடுப்பைப் பிடித்தபடி வெளியே வந்தபோது அவன் வாசலில் நின்றிருந்தான்.

"கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமான்னு அம்மா கேக்குறாங்க."

"அம்மாவா, நீங்களா?"

அவன் தரையைப் பார்த்தான். "தப்பா எடுத்துக்காத. முன்ன உன் முகத்துல ஒரு களை இருந்துச்சு. இப்போ அது இல்ல."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. களையாம், பெரிய களை!

"வலியில கிடந்தப்போ காலைப் பிடிச்சுவிட்டவ முகம் அழகாத் தெரிஞ்சுது. உடம்பு தேறினதும் கண்ணு வேற முகம் தேடுது. என் மூஞ்சில இருக்கிறது களைப்பு. வித்தியாசம் தெரியுதா?"

உள்ளே படுத்திருந்த கழுத்துக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

மறுநாளே லீவு போட்டாள். கோபத்தோடு தூங்கினாள், எழுந்து வயிறாரச் சாப்பிட்டாள், மறுபடி தூங்கினாள். லீவு முடிகிற சமயத்தில் அவன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். அவளைக் கண்டதும் வாயெல்லாம் பல்.

"பழையபடி அழகாயிட்டியே. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

அவள் அவன் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். இத்தனை நாளும் ஓய்ந்துபோன கண்ணால் பார்த்த முகம். அசந்து விழுகிற நேரத்தில் சிரித்துப் பேச ஒருத்தன் கிடைத்ததையே அழகு என்று நினைத்திருக்கிறாள். தன் மீதே ஆத்திரம் வந்தது.

"வந்தவரை உள்ள வந்து உட்காரச் சொல்லும்மா," என்று அப்பா அறையிலிருந்து குரல் கொடுத்தார்.

"வேணாம்ப்பா. அவர் கிளம்புறார்."