வெளி வண்டி

"வெளி வண்டிக்கு ரெட்டை விலைன்னு போட்டிருக்கே, அது யார் வண்டிண்ணே?" என்று சின்னவள் கேட்டாள். சாப்பிட்ட கையைக் கழுவப் போன அண்ணன் நெடுநேரம் கழுவிக்கொண்டே இருந்தான்.

அது மறுநாள் சார்ஜர் முன்னால் மாட்டவிருந்த விலைப் பலகை. வீட்டு வண்டிகள் என்று அண்ணனுடைய நான்கு வேன்களின் எண்கள் மட்டும் இருந்தன. அவள் ஓட்டும் பார்சல் வேனின் எண்ணைக் காணோம்.

மெயின் ரோட்டில் அப்பா விட்டுப்போன காலிமனையில் மின்வண்டிகளுக்கு வேக சார்ஜர் வைக்கலாம் என்ற யோசனையே அவளுடையதுதான். ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதாமாதம் மின் அலுவலகத்துக்கு நிலையான கட்டணம் கட்ட வேண்டும். நாலு வண்டிக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. பன்னிரண்டு வண்டி பங்கு போட்டால் பாரமே தெரியாது. கணக்கைப் போட்டது அவள். சொந்த வண்டி வைத்திருக்கும் ஏழு டிரைவர்களிடம் நடையாய் நடந்து சம்மதிக்க வைத்ததும், எந்த வண்டி எந்த அரைமணி நேரம் என்று அட்டவணை எழுதியதும் அவளேதான்.

"மனையில பாதி என்னோடதுண்ணே."

அண்ணன் பீரோவிலிருந்து ஒரு நகலை எடுத்துவந்து வைத்தான். கரண்ட் லைன் வாங்க இடம் ஒரே பேரில் இருக்க வேண்டுமாம் என்று போன மாதம் கையெழுத்து வாங்கினானே, அந்தக் காகிதம். தன் பங்கை அண்ணனுக்கே விட்டுக்கொடுப்பதாகச் சொல்லும் விடுதலைப் பத்திரம். அண்ணன் நீட்டுவதை எந்தத் தங்கை படித்துப் பார்க்கிறாள்? சாட்சிக் கையெழுத்து அம்மாவுடையது.

அம்மா தலை நிமிராமலே சொன்னாள்: "உனக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சுதானே கட்டிக் குடுத்தோம்."

கழுத்தறுத்தவன் அந்நியனாக இருந்தால் மண்ணை வாரித் தூற்றலாம். கூடப் பிறந்தவனையும் பெற்றவளையும் என்ன செய்வது?

அண்ணன் குழைந்தான். அவள் வண்டிக்கு மட்டும் வீட்டு விலையே போட்டுக்கொள்வானாம், மற்ற ஏழு பேருக்கும் தெரியக்கூடாதாம். அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அன்றைக்கே ஏழு பேரையும் கூட்டி நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். ஒருவன், "பொறந்த வீட்டுலயே ஏமாந்த உன்னை நம்பி நாங்க வந்தோமே" என்று கேட்டும் விட்டான். அவள் அதையும் வாங்கிக்கொண்டாள். அதே ரோட்டு மரக்கடைக்காரர் ஒருவர் தன் கிடங்கின் முன்பக்கத்தை வாடகைக்குத் தந்தார். எட்டுப் பேரும் சேர்ந்து அங்கே சார்ஜர் வைத்தார்கள். எட்டு வண்டி, நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதல் விலை. ஆனால் எட்டுக்கும் ஒரே விலை.

இரண்டாம் மாத பில் வந்ததும் அண்ணன் கிடங்குக்கே வந்து நின்றான். நாலு வேனும் சேர்ந்து அந்தக் கட்டணத்தைத் தாங்கவில்லை.

"பலகையைக் கழட்டிட்டேம்மா. நீ முதல்ல பேசின விலைக்கே எல்லாரையும் கூட்டிட்டு வா."

அவள் வண்டியிலிருந்து வயரைக் கழற்றி அடுத்த டிரைவரிடம் கொடுத்தாள்.

"மனை போச்சு, அது உங்களுது. இவங்க என் வார்த்தைக்கு வந்தவங்கண்ணே. இவங்களை எந்தப் பத்திரத்துல எழுதி வாங்குவீங்க?"