வெட்டியதெல்லாம் பைப்பில்

தரம் ஒன்பதின் பொட்காஸ்டிலிருந்து வெட்டி எறிந்த பேச்செல்லாம் பள்ளிக்கூட முற்றத்துப் பைப்பு வழியாக வெளியே வரத் தொடங்கியது, தேங்காய் விலை இருநூறு ரூபாயைத் தாண்டிய மாதத்தில். கட்டுகஸ்தோட்டைக் கடைகளில் தேங்காயைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். பைப்பைப் பற்றிப் பேசியவர்களும், இத்தனை வருடம் சும்மா நின்றது இப்போதாவது எதையோ தருகிறதே என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

சும்மா நின்றது என்பதில் மிகை இல்லை. பாலத்தைத் தாண்டி மேட்டில் இருக்கும் அந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கல்விப் பணிப்பாளர் யாகப்பர் வந்து, நாடா வெட்டி, தன் கையாலேயே அந்தப் பைப்பைத் திறந்து வைத்திருந்தார். அவருடைய பெயரைப் பொறித்த கருங்கல் பலகை பைப்பைவிட உயரம். அன்றைக்கு மட்டும் பின்பக்கம் ஒரு பீப்பாயை வைத்து, ரப்பர் குழாய் மாட்டி, ஒரு குடம் தண்ணீர் வர வைத்தார்கள். படம் எடுத்து முடிந்ததும் பீப்பாய் வந்த லொறியிலேயே போய்விட்டது. நிலத்துக்கு அடியில் குழாய் எதுவரை போகிறது என்று எவரும் தோண்டிப் பார்க்கவில்லை. மாதாமாதம் மீட்டர் பார்க்க வருகிறவர் பூச்சியம் என்று எழுதி, குறைந்தபட்சக் கட்டணத்துக்கு பில் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். வாளியோடு வந்து பார்த்த பிள்ளைகள் நாளடைவில் வாளி கொண்டுவருவதை விட்டார்கள்.

அங்கே விஞ்ஞானம் படிப்பித்தவள் கலாராணி. மஹய்யாவவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள், தற்காலிக ஆசிரியை. நிரந்தர நியமனத்துக்கு யாகப்பரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அந்த ஒன்றுக்குக் காத்திருந்தே அவளுக்கு நரை விழுந்துவிட்டது. வாய் நீளம் என்று பெயர் எடுத்தவள், அந்தக் கையெழுத்துக்காக வாயைச் சுருக்கி வைத்திருந்தாள். அதனால் வந்த எரிச்சலை வீட்டில் சட்டிபானை மீது காட்டினாள்.

பள்ளிக்கூட அதிபர் மோகனராஜ் கொழும்பில் ஒரு கருத்தரங்குக்குப் போய், பொட்காஸ்ட் என்ற சொல்லோடும் ஒரு மைக்கோடும் திரும்பி வந்தார். இனிமேல் பாடம் கரும்பலகை வழியாக இல்லை, காது வழியாகத்தான் போகும் என்று காலைக் கூட்டத்தில் அறிவித்தார். மைக்குக்குப் பொட்டு வைத்து மாலை போட்டார்கள். பொட்காஸ்டும் ஒரு நிகழ்ச்சிதானே, நிகழ்ச்சி என்றால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறதே என்று மங்கல விளக்கு ஏற்றுவதிலிருந்து தொடங்கினார் அதிபர். ஒலிப்பதிவில் விளக்கு தெரியாது என்பதால் தீக்குச்சி உரசும் சத்தத்தைப் பதிவு செய்தார்கள். குச்சி ஈரமாக இருந்ததால் அதைத் திரும்பத் திரும்ப உரச வேண்டியிருந்தது.

“சேர், பொன்னாடை போத்துறது போன்ல கேக்காதே?” என்றாள் கலாராணி.

“அதை நீங்க வாயால சொல்லுங்க டீச்சர். ‘இப்பொழுது போர்த்தப்படுகிறது’ன்னு.”

இதெல்லாம் பள்ளிக்கூடங்களுக்கிடையே நடந்த பொட்காஸ்ட் போட்டிக்கு; மொத்தம் பத்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அதன் விதி. மங்கல விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, பணிப்பாளரின் வாழ்த்துரை, நன்றியுரை எல்லாம் போக நீர்ச்சக்கரம் என்ற பாடத்துக்கு ஒரு நிமிடம்கூட மிஞ்சவில்லை. அந்தக் கொஞ்சத்திலும் கலாராணியின் குரலை எடுத்துவிட்டு, அவள் எழுதிய வசனங்களை அதிபரே வாசித்தார். ஆவியாதலை ஆசீர்வாதம் போல வாசித்தார்.

வெட்டும் வேலை மட்டும் அவளுக்கு. போனில் வெட்டத் தெரிந்தவர் அங்கே வேறு யாரும் இல்லை. அவள் வெட்டியதில் நிலூஷாவின் பேச்சும் இருந்தது. நிலூஷா கடைசி வாங்கில் உட்காரும் பிள்ளை, அப்பாவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை, வீடு லயத்து வரிசைக் குடியிருப்பில். நீர்ச்சக்கரத்தைப் பற்றி உனக்குத் தெரிந்ததைச் சொல் என்றபோது அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “கீழ மகாவலி போகுது. மேல பைப்பு நிக்குது. நடுவுல என்னா நடக்குதுன்னு தெரியல. கக்கூஸ்ல தண்ணி இல்லன்னு பொம்பளப் புள்ளைங்க நாங்க காலையிலருந்து எதுவும் குடிக்கிறதில்ல.” அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இது வெளிய போனா யாருக்கு டீச்சர் கேவலம்?” என்றார். கலாராணி கையெழுத்தை நினைத்தாள், விரலால் ஒரு தட்டு, பேச்சு போயிற்று.

மறுநாள் இடைவேளையில் யாரோ விளையாட்டுக்குப் பைப்பைத் திருக, நிலூஷாவின் குரல் கொட்டியது. கீழ மகாவலி போகுது, மேல பைப்பு நிக்குது. அடைத்தால் நின்றது, திறந்தால் விட்ட இடத்திலிருந்து வந்தது. அதற்குப் பிறகு கலாராணியின் பாடம் முழுதாக வந்தது. பிள்ளைகள் கொப்பியைக் கொண்டுவந்து பைப்பைச் சுற்றிக் குந்தி எழுதினார்கள். அடுத்த கிழமைப் பரீட்சையில் நீர்ச்சக்கரத்தை யாரும் பிழைவிடவில்லை. வெட்டிய வரிசையிலேயே எல்லாம் வருகிறது என்பதைக் கலாராணி கவனித்தாள். அடுத்து வரவேண்டியது என்ன என்பதும் அவளுக்குத் தெரியும். அதிபருக்கும் தெரியும். அவர் பைப்பின் வாய்க்குச் சாக்கைச் சுற்றிக் கம்பியால் இறுக்கிக் கட்டினார்.

பொட்காஸ்டுக்கு முதலிடம் கிடைத்தது. கேடயம் கொடுக்க யாகப்பரே வந்தார். வாசலில் இறங்கும்போதே கலாராணியைப் பார்த்து, “உங்க பேப்பரக் கையோட கொண்டாந்திருக்கேன் டீச்சர். சாப்பிட்டுட்டு ஒரு கையெழுத்து, முடிஞ்சிது” என்றார். மண்டபத்தில் பொட்காஸ்டைப் போட்டார்கள். தீக்குச்சி உரசியது, பொன்னாடை போர்த்தப்பட்டது, நன்றி சொல்லப்பட்டது. எல்லாரும் கைதட்டி ஓய்ந்த பிறகு நிலூஷா வந்து டீச்சரின் சாரித் தலைப்பைப் பிடித்தாள்.

“என் பேச்ச ஏன் டீச்சர் போடல?”

“நேரம் பத்தலம்மா.”

“தீக்குச்சிக்கு நேரம் இருந்திச்சே டீச்சர்.”

பிள்ளையின் உதடு வறண்டு வெடித்திருந்ததைக் கலாராணி பார்த்தாள்.

யாகப்பர் பாற்சோற்றை மிளகாய் இடித்த கட்டசம்பலோடு பிசைந்து நன்றாகச் சாப்பிட்டார். எழுந்து, சிவந்த விரல்களை விரித்துப் பிடித்தபடி, கையலம்பத் தண்ணீர் கேட்டார். மண்டபத்தில் இருந்த ஒரே தண்ணீர்ப் போத்தல் கலாராணியின் கையில் இருந்தது. அதைக் கொடு, கொடு என்று அதிபரின் கண் துடித்தது. நியமனக் கடிதம் மேசையில், அதன்மேல் பேனா, மூடிகூடக் கழற்றி வைத்திருந்தார்கள். கலாராணி போத்தலைத் திறந்து நிலூஷாவிடம் நீட்டினாள்.

“குடி. முழுசாக் குடி.”

பிறகு பணிப்பாளர் பக்கம் திரும்பினாள். “கையலம்ப உங்க பைப்பு இருக்கே சேர். நீங்க தொறந்து வச்சது.”

தன் பெயர் பொறித்த கல்லைப் பார்க்கும் ஆசை யாகப்பருக்கும் இருந்தது. அவள் முன்னே போய்க் கம்பியை அவிழ்த்தாள். அவர் சவர்க்காரத்தை நுரை பொங்கத் தேய்த்துவிட்டுப் பைப்பைத் திறந்தார். அவருடைய குரலே விழுந்தது, வாழ்த்துரைக்கு முன் மைக் போட்டிருப்பது தெரியாமல் பேசியது: “இந்த லயத்துப் புள்ளைங்களுக்கு மைக் ஒன்னுதான் கொறச்சலா? படிச்சு என்னத்தக் கிழிக்கப் போகுதுங்க? சீக்கிரம் முடிங்க ஐயா, கம்பளையில கல்யாணச் சாப்பாடு ஆறிப் போகும்.” முற்றம் நிறையப் பெற்றோர் நின்றார்கள். யாகப்பர் பழக்கதோஷத்தில் தன் குரலுக்கு அடியிலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றார், அது சொட்டு விடாமல் தீரும்வரை. கூட்டத்தில் யாரோ ஒரு பெண், “நல்லா அலம்புங்க சேர், இன்னும் போகல” என்றாள்.

போகத்தான் இல்லை, அந்த நுரை. வீட்டுக் கிணற்றில் கழுவினார், கம்பளைக்குப் போய் மகாவலியிலேயே இறங்கிக் கழுவினார், ஆஸ்பத்திரியில் காட்டினார். துடைத்த இடத்தில் திரும்ப நுரை பொங்கியது. கொஞ்ச நாளில் எல்லாருக்கும் பழகிவிட்டது. அவரைக் கண்டால் இப்போது யாரும் கை கொடுப்பதில்லை, தூரத்தில் நின்று கும்பிடுகிறார்கள். அதை அவர் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார். கலாராணியின் கடிதத்தில் கையெழுத்துப் போடவும் அவர் மறுக்கவில்லை. மறுத்தால் ஊர் பேசும். ஆனால் போட்ட மை நுரையில் கரைந்து, கடிதம் வந்து சேரும்போது அந்த இடத்தில் ஒரு நீலக் கறைதான் இருந்தது. கறையை நியமனமாக ஏற்கமுடியாது என்றார் கல்வி அலுவலகக் கிளாக்கர். திருப்பி அனுப்பினாள், மறுபடி கறை வந்தது. அவள் இன்னும் தற்காலிக ஆசிரியைதான், இரண்டு பஸ் மாறித்தான் வருகிறாள். வாயை மட்டும் இப்போது சுருக்குவதில்லை.

மோகனராஜ் தீர யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். பிள்ளைகள் பேசுவதை வெட்டினால் பைப்பில் ஊருக்கே கேட்கிறது, வெட்டாவிட்டால் போனில்தான், சத்தத்தையாவது குறைத்துக்கொள்ளலாம். ஆகவே பிள்ளைகள் பேசுவதில் கை வைக்க வேண்டாம் என்றார். பத்து நிமிடம் என்ற விதி மட்டும் அப்படியே இருந்ததால் வேறு எதையாவது வெட்டத்தானே வேண்டும்? கலாராணி உரைகளை வெட்டினாள். இப்போது பொட்காஸ்டில் பிள்ளைகள் பேசுகிறார்கள். தண்ணீர் இல்லாததையும் சேர்த்துப் பேசுகிறார்கள். தண்ணீர் இன்னும் வரவில்லை, மீட்டர் பார்க்கிறவர் வருகிறார், பூச்சியம் எழுதுகிறார். பைப்பின் வாஷர் தேய்ந்துபோனதால் எவ்வளவு இறுக்கி அடைத்தாலும் நாள் முழுக்க ஒழுகுகிறது: மதிப்புக்குரிய… மதிப்புக்குரிய… மதிப்புக்குரிய. பள்ளிக்கூடம் விட்ட பிறகு அதிபர் ஒரு கதிரையைப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். வேறு யாரும் அங்கே நிற்பதில்லை. அதன் கீழே யாரும் வாளி வைப்பதுமில்லை.